லயத்துச் சுவர் கூரையைத் தொடவில்லை

மலையகத்தில் ஒரு லயம் தீப்பிடித்தால் வரும் செய்திக்கு ஒரு அச்சு இருக்கிறது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், எத்தனை காம்பரா எரிந்தது, எத்தனை குடும்பம் வெளியே நிற்கிறது, அவர்களை எந்தக் கோயில் மண்டபத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி. கடைசியில், பொலிஸார் விசாரிக்கிறார்கள் என்று இன்னொரு வரி. தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போன வருஷச் செய்தியை இந்த வருஷமும் போடலாம்.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்காமல் கடந்து போவது அந்த எண்ணிக்கையைத்தான். டவுனில் ஒரு வீடு எரிந்தால் பெரும்பாலும் ஒரு வீடுதான் எரியும். லயத்தில் எரிந்தால் பத்து, பன்னிரண்டு, இருபது என்று வரும். மின்னொழுக்கு என்பது தீ எப்படித் தொடங்கியது என்பதற்குத்தான் பதில். ஒரு காம்பராவில் பிடித்த தீ ஏன் கடைசிக் காம்பரா வரை போனது? அது போய்ச் சேரும்வரை அணைக்க ஏன் யாராலும் வர முடியவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் பொலிஸ் அறிக்கையில் கிடைக்காது. நூற்றைம்பது வருஷ சரித்திரத்தில்தான் தேட வேண்டும்.

அதனால் இந்தக் கட்டுரையில் மூன்று கட்டடங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று லயம். இன்னொன்று பெக்டரி. மூன்றாவது, தோட்டங்களை மனதில் வைத்து இன்னும் யாரும் கட்டாத ஒரு தீயணைப்பு நிலையம்.

லயம்

கோப்பிக் காலத்தில் தொழிலாளர்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குப் போட்டது மண்சுவரும் புல்கூரையும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் தென்பட்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் மலைநாட்டின் முகமே மாறிப்போனது. தேயிலைக்குக் கொழுந்து பறிப்பது வருஷம் பூராவும் நடக்கிற வேலை. ஆகவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் நிரந்தரமாகத் தங்க வேண்டி வந்தது. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. மேலே ஏறி வந்த ரயிலில் இயந்திரமும் தகரமும் வந்தன, கீழே இறங்கிய ரயிலில் தேயிலைப் பெட்டி போனது. அந்தக் காலத்தில் கல்லும் தகரமுமாக நின்றுபோன லயங்களில் பல இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிற லயங்கள்.

லயத்தின் அமைப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அப்படி வரிசையாகப் பத்துக் காம்பரா, சில இடத்தில் அதற்கும் மேல். இரட்டை லயமாக இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே நீளக் கூரை.

இங்கேதான் விஷயம். பல லயங்களில் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஓர் உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை ஒரே வெற்றிடம். பக்கத்துக் காம்பராவில் பேசுவது இங்கே கேட்கும், அங்கே கருவாடு பொரித்தால் இங்கே மணக்கும். இதையெல்லாம் நாம் பகிடியாகச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் சத்தம் போகிற வழியில்தான் நெருப்பும் போகும். சூடான புகை மேலே எழும்பிக் கூரைக்கு அடியில் படுத்துப் பக்கவாட்டில் ஓடும். அது போகிற இடத்தில் என்ன இருக்கிறது? குளிருக்காக அடித்த பொலித்தீன், காட்போட் அட்டை, சாக்கு, அடுப்புக்கு மேலே பரணில் காயப் போட்ட கவ்வாத்து மிலாறு. அடுத்த காம்பராவில் இருப்பவர் தீயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் தலைக்கு மேலே கூரை சூடாகியிருக்கும். தகரத்துக்குப் பதிலாகப் பிற்காலத்தில் போட்ட அஸ்பெஸ்டஸ் சீற் நெருப்பில் வெடித்துச் சிதறும். கூரையில் ஏறி அணைக்கலாம் என்றால் அதுவும் ஆபத்து.

அந்தக் காலத்தில் யாருக்கும் இது தெரியாது என்று சொல்ல முடியுமா? முடியாது. 1666இல் லண்டன் நகரம் எரிந்தது. அடுத்த வருஷமே கொண்டுவந்த மீள்கட்டுமானச் சட்டம், வீடுகளைச் செங்கல்லில் கட்ட வேண்டும், இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சுவர் இத்தனை தடிப்பில் இருக்க வேண்டும் என்று சொன்னது. 1707இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பொதுச்சுவர் கூரையையும் தாண்டி 18 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும் என்றது. ஒரு வீட்டுக் கூரையில் பிடித்த தீ அடுத்த கூரைக்குத் தாவக்கூடாது என்பதுதான் காரணம். லண்டனின் பழைய தெருக்களில் கூரைக்கு மேலே வரிசையாகத் தெரிகிற அந்தச் சுவர்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆக, மலைநாட்டில் லயம் கட்டத் தொடங்கியபோது அந்த அறிவுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. லயம் கட்டிய துரைமார் அதே நாட்டிலிருந்துதான் வந்தார்கள். அவர்களுடைய பங்களாவில் கணப்படுப்பு இருந்தது, அதற்குக் கல்லால் கட்டிய புகைபோக்கியும் இருந்தது. லயத்தில் அடுப்பு இருந்தது, புகைபோக்கி இல்லை. சுவரை இன்னும் நாலு அடி உயர்த்தக் கல்லும் கூலியும் கொஞ்சம் கூடச் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தார்கள்.

பெக்டரி

லயத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் பெக்டரி இருக்கும். நெருப்பு, காற்று, தண்ணீர் மூன்றையும் கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம் என்று மலைநாட்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை முதலில் மெதுவாக வாட்ட வேண்டும், பிறகு அரைத்துப் புளிக்க வைத்து, கடைசியில் சூட்டில் காய வைக்க வேண்டும். மழையும் பனியும் மூடிக் கிடக்கிற ஊரில் கொழுந்தை வெயிலில் போட்டு வாட்டுவதெல்லாம் நடக்காத காரியம். ஆகவே பெக்டரியின் மேல் மாடிகள் முழுக்க வாட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டன. கீழே ட்ரையரில் விறகு எரிகிறது. அங்கே எஞ்சுகிற சூடான காற்றைப் பெரிய விசிறிகள் மேலே இழுத்து, தட்டுத் தட்டாகப் பரப்பிய கொழுந்துக்கு நடுவால் அனுப்பும். ஒரு தடவை எரித்த விறகின் சூட்டில் இரண்டு வேலை நடந்தது. சக்தி விரயத்தைக் குறைப்பது பற்றி இன்று பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிறார்களே, அதை நம்ம டீமேக்கர்மார் அந்தக் காலத்திலேயே தினமும் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த ட்ரையர்களில் பேர்போனது 'சிரொக்கோ'. அதை உருவாக்கிய சாமுவேல் டேவிட்சன் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் பகுதிக்காரர். அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1881இல் பெல்பாஸ்டில் சிரொக்கோ வேர்க்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினார். இலைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்று ஒரு மனிதன் ஆயுள் முழுக்க யோசித்து இயந்திரம் செய்திருக்கிறான். அது உலகமெல்லாம் போனது.

தண்ணீரையும் விடவில்லை. ஓடையை மறித்து, குழாய் வழியாக இறக்கி, டர்பைனைச் சுழற்றிப் பெக்டரியை ஓட்டிய தோட்டங்கள் மலைநாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. தேசிய மின்கம்பி வந்த பிறகுதான் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. சில தோட்டங்களில் காட்டுக்குள் துருப்பிடித்த குழாயும் உடைந்த தொட்டியும் இன்றைக்கும் கிடக்கின்றன.

இரண்டு கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே காலம், ஒரே முதலாளி, ஒரே மலை. இலை தங்குகிற கட்டடத்தில் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் கணக்கு இருந்தது. ஆள் தங்குகிற கட்டடத்தில் புகை போக வழியில்லை. தெரியாமல் நடந்த விஷயம் என்று இதைச் சொல்லவே முடியாது.

வெளிச்சம் போன திசை

அடுத்த பாகம் மின்சாரம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஒரு கட்டுரை வாசித்தார். களனி கங்கையின் மேல் கிளைகளான கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலிய ஓயாவிலும் இருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. தொடங்கியும் நின்றும் இழுபட்ட லக்ஷபான மின்நிலையம் கடைசியில் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் விமலசுரேந்திர மின்நிலையமும், 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கமும் வந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வற்றுகிற காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும், நாமும் போய்ப் படம் எடுப்போம். 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல்கொத்மலைத் திட்டமும் சேர்ந்தது.

கொழும்புக்கு வெளிச்சம் போன கம்பிகள் லயங்களுக்கு மேலாகத்தான் போயின. அடியில் இருந்த லயங்களில் பலவற்றுக்கு 1990கள் வரை குப்பி விளக்குத்தான். பிறகு மின்சாரம் வந்தது, நல்லது. ஆனால் யாருக்காக எந்தத் திட்டத்தோடு வந்தது? ஒரு பல்ப் மட்டும் எரியும் என்று நினைத்து இழுத்த வயரில் இன்று டீவி, ரைஸ் குக்கர், அயன், போன் சார்ஜர் எல்லாம் தொங்குகின்றன. பிள்ளைகள் வளர்ந்து குடும்பம் பிரிந்தபோது காம்பராவுக்குள் தடுப்பு வைத்து, இஸ்தோப்பை மூடி, அங்கிருந்து இங்கே ஒரு வயர் இழுத்தோம். நூறு வருஷப் பழைய கூரைமரம், ஒழுகுகிற தகரம், அதற்கு அடியில் இந்த வயர். 'மின்னொழுக்கு' என்று செய்தியில் வருகிற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

யாருடைய பொறுப்பு?

தீயணைப்புப் படை என்பதே முதலில் சொத்தைக் காப்பாற்றப் பிறந்ததுதான். லண்டன் தீக்குப் பிறகு காப்புறுதிக் கம்பனிகள் சொந்தமாகத் தீயணைப்பு ஆட்களை வைத்திருந்தன. காப்புறுதி செய்த வீட்டுச் சுவரில் கம்பனியின் உலோக அடையாளம் பதித்திருக்கும். 1824இல் எடின்பரோ நகரம் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் நகரத்துக்கென்று ஒரு படையை அமைத்தது. அவரே 1833இல் லண்டனுக்குப் போய்க் கம்பனிகளின் படைகளை ஒன்றாக்கிய அமைப்பை நடத்தினார், 1861இல் டூலி வீதித் தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு 1865இல்தான் லண்டனில் சட்டத்தின்படி பொதுப் படை வந்தது. எல்லோருடைய வீட்டையும் எல்லோருடைய வரிப்பணத்தில் காப்பாற்றுவது என்ற யோசனைக்கு வயது அவ்வளவுதான்.

இலங்கையில் அந்த யோசனை மாநகர சபைகள் வழியாக வந்தது. நுவரெலியா மாநகர சபைக்குத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. தோட்டத்தில் தீ என்று அழைத்தால் வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நகரத்துத் தீயணைப்புப் பிரிவு நகர எல்லையையும் சோலைவரி கட்டுகிறவர்களையும் கணக்கில் வைத்து அமைந்த ஒன்று. தோட்டம் அந்த எல்லைக்கு வெளியே.

சரி, தோட்டம் எந்த எல்லைக்கு உள்ளே? இதைக் கேட்டால்தான் நம்முடைய சரித்திரம் வரும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் வாக்குரிமை போனதும் நமக்குத் தெரியும். வாக்கு இல்லாதவர்களுக்காக எந்தச் சபை வண்டி வாங்கும்? குடியுரிமை படிப்படியாகத் திரும்பி வந்து, 1987இல் பிரதேச சபைகள் சட்டம் நிறைவேறிய பிறகும் சிக்கல் தீரவில்லை. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவழிப்பதைக் கட்டுப்படுத்தியது. நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினரால் நம்முடைய லயத்துப் பாதையில் ஒரு கல்லைப் போடவும் தடை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில், ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டையும் பிரித்து ஆறாக்கினார்கள். கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் அப்படி வந்தவைதான்.

எரிந்த லயத்தில் போவது வெறும் சாமான் இல்லை. ஒவ்வொரு காம்பராவிலும் கட்டிலுக்குக் கீழே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம், சேமலாப நிதிக் கடிதம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் எந்த நாட்டுக்கு எத்தனை பேர் என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தக் கதை பெரும்பாலும் முடிந்தது. அதுவரை நாற்பது வருஷம் கடதாசியைக் காட்டித்தான் நான் இந்த ஊர்க்காரன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சமூகத்துக்குக் கடதாசி எரிவது என்றால் என்ன என்று வேறு யாருக்கும் விளங்காது.

மூன்றாவது கட்டடம்

இனி, கட்டாத கட்டடத்துக்கு வருவோம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அந்த வளைவுகளில் தண்ணீர் நிரப்பிய வண்டி மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்தாலும் 40 நிமிடம். அதற்கு மேல் தோட்டப் பாதை. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1710ஆம் இலக்க நியமம் முதல் வண்டி 4 நிமிடப் பயணத்தில் வந்து சேர வேண்டும் என்கிறது. நம்ம மலையில் 4 நிமிடம் கனவுதான், ஒத்துக்கொள்வோம். ஆனால் 40ஐ 15 ஆக்க முடியும். அதற்கு நகரத்தில் ஒரு பெரிய மாளிகை போதாது. ஒரு நடுத்தர நிலையமும், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை என்று பள்ளத்தாக்குக்கு ஒரு சின்ன நிலையமும் வேண்டும். பெரிய வண்டி திரும்ப முடியாத பாதையில் போக, சின்ன வாகனத்தில் ஏற்றிய பம்ப் போதும்.

சின்னச் சபைகளால் இதை நடத்தச் செலவு தாங்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தீயணைப்பு நிலையம் 24 மணி நேரமும் விழித்திருக்கிற கட்டடம். விளக்கு, தொலைத்தொடர்பு, சுடுதண்ணீர் எப்பவும் வேண்டும். வண்டி வெளியே போகப் பெரிய கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற சூடெல்லாம் போய்விடும். ஆகவேதான் மற்ற நாடுகளில் இந்தக் கட்டடத்தில் சக்தியை எப்படி மிச்சம் பிடிப்பது என்று தனியாக யோசிக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் இசாக்குவா என்ற ஊரின் 72ஆம் இலக்க நிலையம் அப்படிப் பேசப்பட்ட ஒன்று. நிலத்தடி வெப்பத்தையும் சூரிய ஒளியையும் பயன்படுத்தி 'லீட் பிளாட்டினம்' சான்று வாங்கியது. அதைப் பார்த்து நாம் கொப்பி அடிக்க வேண்டியதில்லை. நமக்குத் தேவையான பாடம் பக்கத்துப் பெக்டரியிலேயே இருக்கிறது.

முதலில் தண்ணீர். மலையில் 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். லயத்துக்கு 40 மீற்றர் மேலே ஒரு தொட்டி கட்டி, பீலித் தண்ணியை நிரப்பி, கீழே லய வாசலுக்கு ஒரு தடித்த குழாய் இறக்கினால், பம்பும் இல்லாமல் டீசலும் இல்லாமல் 4 பார் அழுத்தத்தில் தண்ணீர் வரும். குழாயில் உராய்வால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வண்டி வருகிற வரைக்கும் லயத்து ஆட்களே தீயை நிறுத்தி வைக்க இது போதும். இன்றைக்கு அவர்கள் கையில் இருப்பது வாளியும் ஈரச்சாக்கும்தான். அடுத்த காம்பராவின் தகரத்தைக் கழற்றி எறிந்து தீக்கு இடைவெளி விடுவார்கள்.

இரண்டாவது மின்சாரம். ஒரு ஓடையில் விநாடிக்கு 10 லீற்றர் தண்ணீரை 20 மீற்றர் கீழே இறக்கினால் கிட்டத்தட்ட 2 கிலோவாட். டர்பைனில் பாதி போனாலும் 1 கிலோவாட் மிஞ்சும். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 24 யூனிட். ஒரு சின்ன நிலையத்தின் விளக்கு, வயர்லெஸ், பற்றரி சார்ஜ் எல்லாவற்றுக்கும் தாராளம். புயலில் கம்பி அறுந்து ஊரே இருளில் கிடக்கும்போதும் அந்த நிலையம் எரியும். அந்த நேரத்தில்தான் அது மிகவும் தேவைப்படும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததை மறக்க முடியுமா? இங்கே தீயணைப்பு நிலையம் என்றால் அது மீட்பு நிலையமும்தான்.

மூன்றாவது, காய வைப்பது. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒவ்வொரு தீக்குப் பிறகும் ஹோஸ் குழாய்களையும் வீரர்களின் தடித்த உடுப்பையும் கழுவிக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துப் பழுதாகும். குழாயைத் தொங்கவிடத்தான் பழைய தீயணைப்பு நிலையங்களில் உயரமான கோபுரம் இருக்கும். இலங்கையிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று வட்டவளை. அங்கே எந்த வெயிலில் காய வைப்பது? ஈரமான ஒன்றை மழைக்குள்ளேயே காய வைக்கிற கட்டடத்தைத்தான் நாம் நூறு வருஷமாக நடத்துகிறோமே! சமையலறையிலும் சுடுதண்ணீர்க் கொதிகலனிலும் எஞ்சுகிற சூட்டை ஒரு விசிறியால் மேல்மாடிக்கு இழுத்தால் போதும். கொழுந்துக்குப் பதில் குழாய்.

நான்காவது, எதை மூடி எதைத் திறந்து வைப்பது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் சில இரவுகளில் புல்லில் பனி உறையும். அதற்காக வண்டி நிற்கிற முழு மண்டபத்தையும் சூடாக்கத் தேவையில்லை. ஆட்கள் இருக்கிற அறையைச் சின்னதாக, தடித்த சுவரோடு, காலை வெயில் விழுகிற பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டடம் புதிதாகத்தான் வேண்டும் என்றும் இல்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய பெக்டரி 1996இலிருந்து ஹோட்டலாக நடக்கிறது. கொழுந்து வாட்டிய மாடிகள்தான் இப்போது படுக்கையறைகள். இரும்புச் சட்டம், உயரமான தளம், லொறி வந்து திரும்புகிற முற்றம், பக்கத்தில் தண்ணீர், நாலு பக்கத் தோட்டத்துக்கும் போகிற பாதை. இவை எல்லாம் உள்ள பெக்டரிகள் மூடிக் கிடக்கின்றன. சுற்றுலாப் பயணிக்கு அறையாக மாற்றத் தெரிந்த கட்டடத்தை, பக்கத்து லயத்தைக் காப்பாற்றுகிற நிலையமாக மாற்றவா தெரியாது?

ஆட்கள்? ஜெர்மனியில் தீயணைப்பு வீரர்களில் மிகப் பெரும்பாலானோர் வேறு வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள். இங்கேயும் முடியும். ஆனால் மலையக இளைஞனின் உழைப்பு இலவசம் என்று இன்னொரு தடவை யாரும் நினைக்கக்கூடாது, பயிற்சிக்கும் அழைப்புக்கும் கொடுப்பனவு வேண்டும். பெண்களையும் சேர்க்க வேண்டும். பகலில் பல ஆண்கள் டவுனிலும் கொழும்பிலும் வேலைக்குப் போயிருப்பார்கள். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பதும், லயத்தில் புகை கண்டால் முதலில் ஓடி வருவதும் பெண்கள்தான். லயத்தில் அப்போது இருப்பது வயசானவர்களும் குழந்தைகளும்.

அதுவரைக்கும்

லயமே வேண்டாம், தனி வீடு வேண்டும் என்பதுதானே நம்முடைய கோரிக்கை, லயத்தைப் பாதுகாப்பாக்கினால் அதையே நிரந்தரமாக்குவது ஆகாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டும் திட்டம் வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 2017இல் நோர்வூட்டில் வைத்து மேலும் 10,000 வீடு அறிவித்தார்கள். ஆனால் அந்த வேகத்தில் போனால் கடைசி லயம் இல்லாமல் போக எத்தனை வருஷம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று ராத்திரியும் அங்கே பிள்ளைகள் தூங்குகிறார்கள். வீட்டுரிமை கேட்பதற்காக அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற ஓட்டையை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு நியாயமும் இல்லை.

எதில் தொடங்கலாம்? வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லயத்திலும் மூன்று காம்பராவுக்கு ஒரு நடுச்சுவரை எடுத்து, பிளொக் கல் வைத்துக் கூரையைத் தாண்டி ஒன்றரை அடி உயர்த்துவது. 1707ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன அதே 18 அங்குலம். அதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை, ஒரு மேசனும் நாலு நாளும் போதும். இருபது காம்பரா எரிகிற இடத்தில் மூன்றோடு நிற்க வாய்ப்பு வரும். வண்டி 15 நிமிடத்தில் வந்தால் அணைக்க ஏதாவது மிஞ்சியிருக்கும்.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு நம்முடைய பிரதேச சபைகளில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். செலவழிக்க முடியாது என்று சொல்ல 33ஆம் பிரிவு இப்போது பழையபடி இல்லை. ஒவ்வொரு வருஷமும் சபையில் வரவு செலவுத் திட்டம் வாசிப்பார்கள். உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டால் மூன்று விஷயம் கேளுங்கள்: நம்ம டிவிசனில் எத்தனை லயத்துச் சுவர் கூரையைத் தொடுகிறது? மேலே தொட்டி கட்ட இடம் பார்த்தாச்சா? மூடிக் கிடக்கிற அந்தப் பெக்டரி யார் பேரில் இருக்கிறது?